மீட்டல் என்ற பெயரில் நாம் செய்வது என்ன?



பெற்றோருக்கும் சக ஆசிரியர்களுக்கும் பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

தவணைப் பரீட்சை நெருங்கினால் ஊரெல்லாம் "மீட்டல்" தான். விஞ்ஞானத்தில் மின்னும் காந்தமும் வந்துவிட்டால், கடந்தகால வினாத்தாள் பத்தைப் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுக்கிறோம், விடையைப் பலகையில் எழுதுகிறோம், பிள்ளைகள் அதைக் கொப்பியில் இறக்குகிறார்கள். பாடசாலையிலும் இதுதான், டியூசனிலும் இதுதான். முதலிலேயே ஒப்புக்கொள்கிறோம்: இந்தப் பிழையில் ஆசிரியர்களாகிய எங்களுக்குத்தான் முதல் பங்கு.

இந்தத் தவணை தரம் 9 பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் மின்குமிழைக் கடந்த பிறகு குறையுமா, கூடுமா, அப்படியே இருக்குமா? வகுப்பில் பாதிக்கு மேல், "குறையும் சேர், பல்ப் பாவிச்சிரும்" என்றார்கள். போன தவணை எண்பது புள்ளி எடுத்த பிள்ளையும் அதையேதான் சொன்னது. சுற்று வரிப்படத்தை அடிமட்டம் வைத்து அழகாகக் கீறும் பிள்ளை அது.

அம்பியர்மானியை மின்குமிழுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை தொடுத்துக் காட்டினோம். இரண்டு வாசிப்பும் ஒன்றுதான். மின்னோட்டம் செலவாவதில்லை, சக்திதான் ஒளியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. ஐந்து நிமிட வேலை. பத்து வினாத்தாள் திருத்தாத பிழையை அந்த ஐந்து நிமிடம் திருத்தியது.

பிறகு ஒரு டோர்ச் பல்ப், ஒரு மின்கலம், ஒரே ஒரு கம்பித் துண்டு கொடுத்து எரிய வைக்கச் சொன்னோம். பலருக்கு முடியவில்லை. பல்புக்கு இரண்டு தொடுகை இடங்கள் உண்டு, ஒன்று அடியில், மற்றது பக்கத்து உலோகத்தில் என்பது அவர்களுக்குத் தெரியாது. படத்தில் மின்குமிழ் ஒரு வட்டமும் பெருக்கல் அடையாளமும்தானே!

"என்ன சேர், பரீட்சையில பாஸ் பண்ணினாப் போதாதா?" என்று சிலர் கேட்பீர்கள். போதாது. ஏன் என்று சொல்கிறோம்.

நம் வீட்டுச் சுவரில் இருப்பது 1.5 வோல்ற்று மின்கலம் அல்ல, 230 வோல்ற்று. மழை நாளில் ட்ரிப் சுவிச் அடிக்கடி விழுகிறது என்றால் நம்மில் சிலர் என்ன செய்கிறோம்? தெரிந்த தம்பி ஒருவரைக் கூப்பிட்டு, ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து நேரே இணைத்துவிடுகிறோம். "தொல்லை முடிஞ்சிது" என்கிறோம். முடிந்தது தொல்லை அல்ல, பாதுகாப்பு.

கணக்குப் பாருங்கள். 60 வாற்று மின்குமிழ் ஒன்று 230 வோல்ற்றில் எடுப்பது ஏறத்தாழ 0.26 அம்பியர், அதாவது 260 மில்லிஅம்பியர். மனித உடலில் 30 மில்லிஅம்பியருக்கு மேல் சிறிது நேரம் பாய்ந்தாலே உயிராபத்து. வீட்டில் 6 அம்பியர் பிரேக்கர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கிறோம். அந்தப் பிரேக்கர் கம்பி சூடாகித் தீப்பிடிக்காமல் காக்கும், கம்பியைத் தொட்ட பிள்ளையைக் காக்காது. பிள்ளையைக் காப்பது 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச். அதைத்தான் நாம் கழற்றி வைக்கிறோம்.

அந்த ட்ரிப் சுவிச் எப்படி வேலை செய்கிறது? உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் ஓர் இரும்பு வளையத்தினூடாகப் போகின்றன. போகிற மின்னோட்டமும் வருகிற மின்னோட்டமும் சமன் என்றால் அவற்றின் காந்த விளைவுகள் ஒன்றையொன்று அழித்துவிடும். கொஞ்சம் மின்னோட்டம் ஒருவரின் உடல் வழியாக நிலத்துக்குப் போனால் சமநிலை குலையும். வளையத்தில் சுற்றிய சுருளில் மின் தூண்டப்படும், சுவிச் விழும்.

1820இல் ஓர்ஸ்டெட் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டி ஊசி திரும்புவதைக் கண்டதும், 1831இல் பரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்ததும் இந்தச் சின்னப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஆண்டையும் பெயரையும் மனனம் பண்ண வைத்தோம். பெட்டியைக் காட்டவில்லை.

பாங்கு சொல்லும் ஒலிபெருக்கிக்குள்ளும் காந்தமும் சுருளும்தான். கிப்லா பார்க்கக் கைபேசியை எடுத்தால், காந்த மூடியுள்ள உறையில் இருக்கும்போது திசை பிசகலாம். இதெல்லாம் பாடம் இல்லையா?

"உபகரணம் இல்லை" என்று நாங்கள் சொல்லும் சாட்டையும் விட்டுவிடுவோம். அலுமாரியில் இருக்கிறது. உடைந்தால் இன்வென்ட்ரியில் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் பூட்டுப் போட்டிருக்கிறோம். கல்வியியற் கல்லூரியில் செய்து கற்பிக்கும் முறையைப் படித்து வந்தவர்கள்தான் நாங்கள். சாவி எங்கள் கையில் இருக்கும்போது அமைச்சைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

இன்னொன்று: வயரிங் ஆண்பிள்ளை வேலை என்று பெண்பிள்ளைகளை ஒதுக்குகிறோம். ஈரக்கையோடு கிரைண்டரும் ரைஸ் குக்கரும் பாவிப்பது யார்? அவர்களுக்கல்லவா முதலில் தெரிய வேண்டும்!

ஆகவே நாம் கேட்பது இவ்வளவுதான்.

ஆசிரியர்களே, மீட்டலுக்கு ஒதுக்கும் பாடவேளைகளில் இரண்டையாவது செய்முறைக்குக் கொடுப்போம். ஆணி ஒன்றில் காவலிட்ட செப்புக் கம்பியைச் சுற்றி மின்கலத்தில் தொடுத்தால் குண்டூசி ஒட்டும், விட்டால் விழும். அதைச் செய்த பிள்ளை மின்காந்தத்தை மறக்காது, வினாத்தாளுக்கும் விடை எழுதும்.

பெற்றோரே, "எத்தனை பேப்பர் செஞ்ச?" என்று கேட்பதோடு "என்ன செஞ்சு பார்த்த?" என்றும் கேளுங்கள். பரிசோதனை எல்லாம் டோர்ச் மின்கலத்தோடு மட்டும், சுவர்ப் பிளக்கில் வேண்டவே வேண்டாம். ட்ரிப் சுவிச்சில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் தகுதியுள்ள மின்னியலாளரைக் கூப்பிடுங்கள். அடிக்கடி விழுந்தால் கழற்ற வேண்டாம். எங்கோ மின் கசிகிறது என்று அது சொல்கிறது. கசிவைத் தேடுங்கள்.

பள்ளிவாசல் நிருவாகத்தினரே, ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு பத்து நிமிடம் தாருங்கள். மின் பாதுகாப்பைப் பற்றிப் பேச நாங்கள் வருகிறோம்.

புள்ளி குறைந்தால் அடுத்த தவணை எடுக்கலாம். உயிருக்கு அடுத்த தவணை இல்லை.