இறக்குமதி நீலம்

நம் புதுக்கவிதையில் நீலத்தைப் போல மலிந்துபோன நிறம் வேறு இல்லை. நீல மௌனம், நீலத் தனிமை, நீல இரவு. அர்த்தம் கைகொடுக்காத இடத்தில் கொஞ்சம் நீலத்தை ஊற்றிவிட்டால் கவிதை ஆகிவிடுகிறது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விஷயம் தெரிந்தவர்கள் மல்லார்மேயைக் காட்டுவார்கள். அவருடைய 'லாஸூர்' 1866இல் பாரீஸில் அச்சேறியது. நம்மில் பலர் அதை ஆங்கிலம் வழியாக வாங்கிக்கொண்டோம். வாங்கியது குற்றமில்லை. அதே காலத்தில் இந்தக் கரையிலிருந்து அந்தத் தேசத்துக்காரர்களுக்கு விற்ற நீலம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நமக்குச் சொரணையே இல்லை என்பதுதான் என் புகார்.

அந்த நீலத்துக்குக் 'கினே' என்று பெயர். புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. போர்தோ வியாபாரிகள் மூலம் அது மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நதிக்கரைக்குப் போயிற்று. அங்கே மூர்களிடம் கருவேலங்கோந்து வாங்க அதுதான் நாணயம். உவமையாகச் சொல்லவில்லை, கோந்துக்கு விலையே இத்தனை கினே என்றுதான் பேசப்பட்டது. வங்கியில் நாள் முழுக்கப் பிறர் பணத்தை எண்ணுகிறவனுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. நம் சாயக்காரன் தாழியில் முக்கி எடுத்தது பணம். அவனுக்கு மிஞ்சியது கூலியும் நகக்கண்ணில் நீலமும்.

அதற்கு முந்தைய நூற்றாண்டின் கணக்கு இன்னும் மோசம். ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளுக்கு விலையாக ஐரோப்பியர் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணி முக்கியமானது. நீலத் துணியும் அதில் சேர்த்தி. 1848இல் பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. இதோ, நம் காரைக்கால் துறைமுகத்திலிருந்தே ரெயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். துணி போன அதே கொடியின் கீழ் ஆளும் போனான்.

இன்னொரு கட்சி இருக்கிறது. அவுரி என்றாலே அவர்களுக்குப் புல்லரிக்கும். இயற்கை, மரபு, கைவினை, மண்ணின் மணம். தாழியின் மணத்தை அவர்கள் முகர்ந்ததாகத் தெரியவில்லை. இலையை ஊறப்போட்டுப் புளிக்கவைத்து, வடித்த நீரைக் காற்றுப் பட அடித்து, அடியில் படிந்த நீலத்தைக் காய்ச்சிக் கட்டியாக்க வேண்டும். அந்தக் கட்டி தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துத் தாழியில் மறுபடி புளிக்கவைத்தால்தான் நூல் சாயத்தைப் பிடிக்கும். வெளியே எடுக்கும்போது துணி பச்சையும் மஞ்சளுமாக இருக்கும். காற்றுப் பட்ட பிறகுதான் நீலம். அத்தனையும் அழுகல் நாற்றத்தில், சுண்ணாம்பு அரித்த கையால் நடக்கிற வேலை. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பின் அவுரி வயல்கள் சரிந்தன. இன்றும் திண்டிவனம் பக்கம் அவுரி விளைகிறது, கட்டியும் ஆகிறது. அந்த வேலைக்கு என்ன கூலி என்று நம் மரபுப் பிரியர்களில் எத்தனை பேர் விசாரித்திருப்பார்கள்? கூலியையும் நாற்றத்தையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற அழகுக்கு மரபு என்று பெயரில்லை. விளம்பரம் என்று பெயர்.

ஆக, ஒருவர் நீலத்தை ஆகாயத்தில் தொங்கவிடுகிறார், மற்றவர் கடைக் கண்ணாடிக்குள் மாட்டுகிறார். இருவருக்கும் தாழி வேண்டாம். வங்காளத்தில் தீனபந்து மித்ரா 1860இல் 'நீல் தர்பண்' நாடகம் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காகப் பாதிரியார் ஜேம்ஸ் லாங் 1861இல் ஒரு மாதம் சிறை போனார். ஒரு நிறத்துக்காக ஜெயிலுக்குப் போகிற அளவுக்கு அங்கே இலக்கியத்துக்குக் கனம் இருந்தது. பக்கத்தில் வைக்க நாம் எதை எடுத்து நீட்டப்போகிறோம்?

கவிதை என்ன சரித்திரப் பாடமா என்று கேட்பார்கள். இல்லைதான். ஆனால் படிமம் என்பது அனுபவத்தின் கனம் ஏறிய வார்த்தை என்று இருபது வருஷமாக எல்லோருக்கும் உபதேசம் செய்துவருபவர்கள் நாம்தானே? அடுத்த முறை 'நீலம்' என்று எழுதுகிற கவிஞர், எந்த நீலம் என்று தன்னை ஒரு தரம் கேட்டுக்கொள்ளட்டும். பதில் வராவிட்டால் அந்த வார்த்தையை அடித்துவிடட்டும். அதை அடித்ததும் கவிதையே விழுந்துவிடுமானால், விழட்டும்.