மனைவியிடம் தோற்றால் என்ன குறைந்துவிடும்?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவரும் அவர் மனைவியும் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தங்கள் கார் முன்னால் நிற்கிறார்கள். "ஆட்டோகிராஸ் போட்டிக்குப் போனோம். என்னைவிட இவள் 0.4 விநாடி வேகம்" என்று அவரே எழுதியிருந்தார்.

கீழே வந்த பதில்கள்தான் என் மனதை வருத்தின. "பொண்டாட்டிகிட்டத் தோத்துட்டுப் படம் வேறயா மாப்ளே?" என்றார் ஒருவர். இன்னொருவர், "ஸ்டியரிங்கையும் குடுத்தாச்சா?" என்றார். இரண்டு பேருமே என்னிடம் படித்தவர்கள். அதனால் இதை எழுதுகிறேன்.

எனக்கும் அந்த விளையாட்டு தெரியாது. போன் போட்டுக் கேட்டேன். "நீங்க நெனைக்கிற ரேஸ் இல்லைங்க சார்" என்று சிரித்தார். காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் இடத்திலோ பழைய விமான ஓடுதளத்திலோ ஆரஞ்சு நிறக் கூம்புகளை வைத்துப் பாதை போடுகிறார்கள். ஒவ்வொரு காராக அந்தப் பாதையில் வளைந்து வளைந்து ஓடி முடிக்க வேண்டும். ஒரு ஓட்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு கூம்பைத் தட்டினால் நேரத்தோடு 2 விநாடி கூட்டிவிடுவார்கள். அங்கே எஸ்.சி.சி.ஏ என்ற சங்கம் 'சோலோ' என்ற பெயரில் இதை நடத்துகிறது. அன்றாடம் வேலைக்குப் போகும் காரிலேயே கலந்துகொள்ளலாம். நம் நாட்டிலும் ஆட்டோகிராஸ் உண்டு, பெரும்பாலும் மண் தடத்தில்.

ஒரே காரை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம் என்பதால் கணவன் மனைவியாக வருகிறவர்கள் உண்டாம். அந்தப் பெண் சொன்னது எனக்குப் பிடித்தது: "போட்டிக்கு முன்னாடி ரெண்டு பேரும் பாதையை நடந்தே பார்ப்போங்க சார். அவர் ஓட்டி முடிச்சதும் எங்க பிரேக் லேட்டுன்னு நான் சொல்லுவேன். என்னோடதை அவர் சொல்லுவார்." ஒரே கார், ஒரே டயர், ஒரே பாதை. வண்டி சரியில்லை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அதில் தோற்றதைத் தானே எழுதுகிறவனை நான் மெச்சுவேனே தவிர, கேலி செய்ய மாட்டேன்.

இது புதிதும் அல்ல. செக்கோஸ்லோவாக்கியாவில் செனெக் யுனெக் என்ற வங்கிக்காரருக்கு முதல் உலகப் போரில் கையில் அடிபட்டு, கியர் மாற்றச் சிரமம். கூட மெக்கானிக்காக உட்கார்ந்த மனைவி எலிஷ்கா பிறகு தானே ஓட்டினார். பாதையை முன்கூட்டி நடந்து பார்த்து அடையாளம் குறித்துக்கொள்வதில் அவர் பேர்போனவர். 1928இல் சிசிலியின் மலைப்பாதையில் நடந்த டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தில் 5ஆம் இடம் பிடித்தார். அதே ஆண்டு ஜெர்மனியில் நடந்த பந்தயத்தில் கணவர் இறந்துபோனார். எலிஷ்கா பந்தயத்தையே விட்டுவிட்டார். வேகத்தின் விலை அது. அதனால்தான் ஒவ்வொரு காராக, கூம்புகளுக்கு நடுவே, ஹெல்மெட்டோடு ஓட்டும் இந்த முறை எனக்குச் சரியாகப் படுகிறது. நாமக்கல் ரோட்டில் பைக்கில் பறக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். ரோடு பந்தயத்துக்கு அல்ல.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டுகிறோம். சங்ககிரியில் வீதிக்கு வீதி லாரி. திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்லை. இத்தனை வண்டிகளில் முதல் வண்டிக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது? எத்தனையோ வீடுகளில் அம்மாக்களின் நகை அடகுக்குப் போய்த்தான் வந்தது. நகை கொடுத்த கைக்கு ஸ்டியரிங் மட்டும் கிடைக்கவில்லை.

ஊரைச் சொல்லிவிட்டு என்னைச் சொல்லாமல் விட்டால் நான் வாத்தியார் இல்லை. 1991இல் மொபெட் வாங்கினேன். "நானும் கத்துக்கட்டுங்களா?" என்று வீட்டில் கேட்டார்கள். "உனக்கெதுக்கு, நான் இருக்கேன்ல" என்றேன். 1996இல் நான் தேர்தல் பணிக்குப் போயிருந்த ராத்திரி, என் மாமியாருக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது. 12 கிலோமீட்டர்தான். கடைசி பஸ் போய்விட்டது. மொபெட் வாசலில் நின்றது. விடியற்காலை முதல் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானாகக் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

வண்டி ஓட்டுவது பெண்களுக்குக் கொடுக்கும் சலுகை அல்ல. நினைத்த நேரத்தில், போக வேண்டிய இடத்துக்குப் போகும் உரிமை. என் மாணவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மனைவிக்கு, 18 வயதான மகளுக்கு, முறைப்படி ஓட்டக் கற்றுக்கொடுத்து லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள். அவர்கள் உங்களைவிட நன்றாக ஓட்டினால் அதை நாலு பேரிடம் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரை ஊர் மைதானத்துக்கு எடுத்துப் போனேன். ஆறு செங்கல் நிறுத்தினேன். 61 வயதில் வீட்டுக்காரம்மா ஸ்டியரிங்கைப் பிடித்தார்கள். இரண்டு செங்கல் விழுந்தது. அடுத்த வாரமும் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்