ஜிலேபிக்கு லாரியில் இடமில்லை

வங்கியில் வேலை பார்க்கிறவன் வீட்டில் எப்போதும் ரெண்டு அட்டைப்பெட்டியாவது பிரிக்காமல் இருக்கும். மூணு வருஷத்தில் மறுபடியும் கட்டத்தானே போகிறோம் என்ற தொலைநோக்குப் பார்வைதான் காரணம். (சோம்பேறித்தனம் என்று தங்கமணி சொல்வதை நீங்கள் நம்பவேண்டாம்.) அப்படி இடார்சியில் கட்டி, ராய்ப்பூரில் பிரிக்காமல், 2024இல் ஜாம்ஷெட்பூர் வரை வந்து சேர்ந்த ஒரு பெட்டியை என் பெண் போன மாதம் பிரித்தாள். உள்ளே என் பி.காம். காலத்து காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம், ஒரு உடைந்த டார்ச், அதற்கடியில் ஜெரால்ட் டரல் எழுதிய 'மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்'.

"அப்பா, இவர் ஜாம்ஷெட்பூர்ல பிறந்தவராம்ப்பா!"

போ கழுதை என்று சொல்ல வந்தேன். ஆசிரியர் குறிப்பில் அச்சிலேயே இருந்தது. 1925, ஜாம்ஷெட்பூர். 2006இல் டில்லி தரியாகஞ்ச் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கி, தமிழ் பேச ஆளில்லாத வாடகை அறையில் தனியாகச் சிரித்துச் சிரித்துப் படித்த புத்தகம். ஆசிரியர் குறிப்பை மட்டும் படித்ததே இல்லை. கடன் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடும் வாடிக்கையாளர்களைத் தினமும் திட்டுகிறவன் நான்!

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1935இல் இங்கிலாந்தின் மழையும் சளியும் தாங்காமல் ஒரு அம்மா, நாலு பிள்ளைகளோடு கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குக் குடிபோகிறார். பெரியவன் லாரி (நம்ம பேக்கர்ஸ் லாரி இல்லை, பின்னாளில் பெரிய எழுத்தாளர் ஆன லாரன்ஸ் டரல்). அடுத்தவன் லெஸ்லி, எப்போதும் கையில் துப்பாக்கி. மார்கோவுக்கு முகப்பரு கவலை. கடைக்குட்டி ஜெரி, பத்து வயசு. அவனோடு ரோஜர் என்று சுருட்டை முடிக் கறுப்பு நாய். பையனும் நாயும் காலையில் கிளம்பினால் பசித்தால்தான் வீடு. ஆமை, ஆந்தை, பாம்பு என்று எல்லாம் வீட்டுக்குள் வந்துவிடும்.

அந்தத் தேள் காட்சி ஒன்று போதும். ஜெரி ஒரு தாய்த் தேளைக் குட்டிகளோடு தீப்பெட்டியில் போட்டு வைத்திருப்பான். சாப்பாட்டு மேஜையில் லாரி சிகரெட் பற்றவைக்க அதைத் திறப்பார். ஆளாளுக்குக் கத்தி, தண்ணீர் கொட்டி, வீடே ரணகளம். ரோஜருக்கு ஒன்றும் புரியாது. குடும்பத்தை யாரோ தாக்குகிறார்கள் போல என்று, அங்கே இருந்த ஒரே வெளியாளான வேலைக்காரம்மா காலைக் கடித்து வைக்கும்.

இதைப் பெண்ணுக்குப் படித்துக் காட்டினேன். ரெண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். நாலு நாளில் புத்தகம் முடிந்தது. கடைசியில் அந்தக் குடும்பம் பறவைகள், ஆமைகள், நாய்கள் சகிதம் ரயிலில் இங்கிலாந்து திரும்புகிறது. எல்லையில் ஒரு ஸ்விஸ் அதிகாரி, இது ஏதோ ஊர்விட்டு ஊர்போகும் சர்க்கஸ் என்று முடிவுகட்டி அப்படியே படிவத்தில் எழுதிவிடுவார்.

பெண் சிரிக்கவில்லை. "அப்போ ரோஜரையும் கூட்டிட்டுத்தான் போனாங்களாப்பா?" என்றாள்.

"ம்... போனாங்க."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

இங்கே கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். இடார்சியில் நாங்கள் இருந்த தெருவில் ஒரு நாய்க்குட்டி. வால் அப்படியே ஒரு சுற்றுச் சுற்றியிருக்கும். எட்டு வயசுப் பெண் அதற்கு ஜிலேபி என்று பேர் வைத்தாள். மூணு வருஷம் எங்கள் வாசலில்தான் இருந்தது. பள்ளி ஆட்டோ வரும் நேரம் அதுக்குத் தெரியும். 2021இல் மாற்றல் வந்தபோது, "லாரியில இடமில்லைம்மா, புது வீட்டு ஓனரும் விடமாட்டார்" என்று சொல்லி, தெருமுனை டீக்கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்தேன்.

லாரியில் இடம் இருந்தது. ராய்ப்பூர் போய் ஒரே மாசத்தில் யாருக்கோ தூக்கிக் கொடுத்த பழைய சோபா அதில்தான் வந்தது. ஓனரை நான் கேட்கவே இல்லை. டீக்கடைக்கு ஆறு மாசம் போன் பண்ணி விசாரித்தேன். அப்புறம் பண்ணவில்லை. பண்ணவில்லை என்பதைப் பெண்ணிடம் சொல்லவும் இல்லை.

இருபது வருஷம் முன்னால் படித்தபோது எனக்கு ஜெரியும் ரோஜரும்தான் தெரிந்தார்கள். இப்போது படிக்கும்போது அந்த அம்மாதான் தெரிகிறார். லூயிசா டரல், 1886இல் ரூர்க்கியில் பிறந்தவர். கணவர் எஞ்சினியர், இதே ஜாம்ஷெட்பூரில் கட்டுமானக் காண்டிராக்ட் எடுத்தவர். 1928இல் இறந்துபோனார். கடைசிப் பையனுக்கு அப்போது மூணு வயசு. இந்தியாவிலேயே வாழ்ந்தவருக்கு இங்கிலாந்துதான் வெளியூர். சிரிப்புப் புத்தகத்தில் இந்தச் சோகத்துக்கு இடமில்லை. ஆனால் அது தெரிந்து படித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த அம்மா எதற்கோ பயந்துகொண்டு, புலம்பிக்கொண்டு, கடைசியில் 'சரி' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நாய்க்கு சரி. ஆந்தைக்கு சரி. அந்த 'சரி' இல்லாவிட்டால் அந்தப் பால்யமும் இல்லை, 1956இல் இந்தப் புத்தகமும் இல்லை.

வெளியூரில் பிள்ளை வளர்க்கும் நம் எல்லோருக்கும் ஒரே கவலை, இதுகளுக்கு சொந்த ஊர் என்று ஒன்று இல்லாமல் போகிறதே என்பது. அதற்காகத் தமிழ் வகுப்பு, கோயில், கோடை விடுமுறைக்குப் பாட்டி வீடு என்று ஓடுகிறோம். எல்லாம் வேண்டியதுதான். ஆனால் அது நம்ம ஊர், பிள்ளைகள் ஊர் இல்லை. அவர்கள் எந்தத் தெருவில் எதன் மேல் உயிராக இருந்தார்களோ அதுதான் அவர்கள் ஊர். டரல் கோர்ஃபுவில் இருந்தது 1939 வரை, நாலே சொச்சம் வருஷம். அதை வைத்து ஒரு ஆயுளே வாழ்ந்தார். 1959இல் ஜெர்சி தீவில், அழியப்போகும் உயிரினங்களைக் காப்பாற்ற என்றே ஒரு விலங்குக்காட்சி சாலை தொடங்கினார். 1990 வாக்கில் காட்டில் சுமார் பத்துதான் மிஞ்சியிருந்த மொரீஷியஸ் இளஞ்சிவப்புப் புறா இன்று சில நூறு இருக்கிறது என்றால், அதில் அந்த இடத்துக்கும் பங்கு உண்டு. ஆக, நாடோடியாக வளர்வதில் தப்பில்லை. ஒவ்வொரு முறையும் பிள்ளையின் ஊரை லாரிக்கு வெளியே விட்டுவிட்டுக் கிளம்புகிறோமே, அதுதான் தப்பு.

"அவங்களுக்கென்ன, கையில் காசு, பள்ளிக்கூடமும் கிடையாது. நமக்கு டென்த் எக்ஸாம் இருக்கே" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். பள்ளியை விட்டுவிட்டுத் தேள் பிடிக்கச் சொல்லவில்லை. அடுக்குமாடியில் நாய் வளர்ப்பது சுலபமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியின் பயம் நியாயமானது. கயிறும் வெறிநாய்த் தடுப்பூசியும் நம் பொறுப்பு. ஆனால் 'முடியாது' என்று நாம் சொல்வதில் பாதி, விசாரிக்காமல் சொல்வது. குடியிருப்போர் சங்கம் வளர்ப்பு நாய்க்கு மொத்தமாகத் தடைபோட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. ரயிலிலும் ஏசி முதல் வகுப்பில் ஒரு கூப்பே முழுக்க எடுத்தால் நாய் கூடவே வரலாம். இல்லாவிட்டால் கார்டு வேனில் நாய்ப்பெட்டி. சோபாவுக்கு இடம் தேடியவன் இதையும் தேடியிருக்கலாம்.

ரெண்டு நாள் கழித்துப் பெண்ணிடம் உண்மையைச் சொன்னேன். லாரி, ஓனர், போன், எல்லாம்.

"தெரியும்ப்பா. சோபாவை ஏத்தும்போது நானும் பார்த்துட்டுத்தானே இருந்தேன்" என்றாள்.

நாலு வருஷமாகத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் பிரிக்காத பெட்டி ஏதாவது இருந்தால் பிரித்துவிடுங்கள். பிள்ளை எதையாவது கையில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால், இல்லை என்று சொல்லும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

பி.கு: பிஸ்டுபூர் மார்க்கெட் பக்கம் ஒரு குட்டியைப் பார்த்துவைத்திருக்கிறோம். தங்கமணி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அடுத்த மாற்றலில் லாரியில் இடம் பத்தாவிட்டால் என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகம்தான் முதலில் இறங்கும். சரி என்று சொல்லிவிட்டேன்.