ஓடுற எஞ்சினைத் தொடாதேன்னு யார் சொன்னது?

பொட்டி தட்டுற நம்ம தொழில்ல ஒரு வேதவாக்கு உண்டு: "ஓடிக்கிட்டிருக்கா? தொடாதே." கோடுக்கு அது ஓரளவு சரி. சும்மா கெடந்தா கோடு தேயாது. ஆனா விசைப்படகு வெச்சிருக்கிறவங்களும் இதையே சொல்றாங்க பாருங்க, அங்க இது சுத்தத் தப்புங்கிறது என் கட்சி. குறிப்பா எஞ்சினைக் குளிர வைக்கிற சமாச்சாரத்துல.

நாகப்பட்டினம் பக்கம் எங்க மாமாகிட்ட ஒரு விசைப்படகு இருக்கு. லாரியில ரேடியேட்டர் சூட்டைக் காத்து கொண்டு போகுது. மாமா படகுல அந்த வேலை கடல் தண்ணிக்கு. எஞ்சினுக்குள்ள சுத்துறது கூலன்ட். வெளியிலிருந்து ஒரு பம்ப் கடல் தண்ணியை இழுக்கும். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம, ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல மெல்லிசான குழாய்ச் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடும். சூடு மட்டும் கை மாறும்.

அந்தப் பம்புக்குள்ள இருக்குது ஒரு சின்ன ரப்பர் சக்கரம். பேரு இம்பெல்லர். மொத்தப் படகும் அதை நம்பித்தான் கடலுக்குப் போகுது. தண்ணி இல்லாம கொஞ்ச நேரம் சுத்தினாலே கருகிடும். இதழ் ஒண்ணு பிஞ்சா, துண்டு போய் எக்ஸ்சேஞ்சர் குழாயை அடைக்கும். அப்புறம் புது இம்பெல்லர் போட்டாலும் அந்தத் துண்டைத் தேடி எடுக்கிற வரைக்கும் சூடு குறையாது.

"அதான் மீட்டர் இருக்கே, சூடு ஏறினா காட்டுமே"ம்பாங்க. மீட்டர் சேதி சொல்லும், பராமரிக்காது. அதுவும் எப்பவும் சொல்லாது. கூலன்ட் ஒழுகிப் போச்சுன்னா சென்சார் தண்ணியில முங்காம வெறும் ஆவியில தொங்கும், முள்ளும் நல்ல பிள்ளை மாதிரி கீழேயே நிக்கும். நமக்கு சர்வர் படுத்துட்டா வீட்டுல போர்வைக்குள்ள இருந்தே எழுப்பிடலாம். நடுக்கடல்ல?

மாமா ஒரு தடவை சொன்னார்: "எஞ்சின் நின்னுட்டா மீனைப் பத்தி எவனும் நினைக்க மாட்டான்டா. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்குதுன்னுதான் பார்ப்போம்." இந்தியாவும் இலங்கையும் 1974லயும் 1976லயும் ஒப்பந்தம் போட்டு வரைஞ்ச கோடு அங்க இருக்கு. காத்துக்கும் அலைக்கும் அந்தக் கோடு தெரியாது. அந்தப் பக்கம் மிதந்து போனா படகும் போகலாம், ஆளும் உள்ள போகலாம்.

என்ன பண்ணலாம்? நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும், 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில. பெயின்ட் அடிப்பாங்க, வலை சரி பண்ணுவாங்க. அந்தப் பட்டியல்ல எஞ்சின் குளிர்ச்சி முதல் வரியில வரணும்.

படகு நின்ன உடனே உள்ள நல்ல தண்ணி விட்டு உப்பைக் கழுவி, இம்பெல்லரைக் கழட்டிடணும். அப்படியே விட்டா ரெண்டு மாசமும் இதழெல்லாம் ஒரே பக்கம் வளைஞ்சு அப்படியே படிஞ்சிடும். கோடு மாதிரி இல்ல, இது சும்மா கெடந்தாலும் கெட்டுப் போகும். கெளம்புறப்ப புதுசு போட்டுட்டு, கழட்டினதுல கீறல் இல்லைன்னா அவசரத்துக்குப் படகுலயே வெச்சுக்கலாம்.

அப்புறம் துத்தநாகக் கட்டி. மத்த உலோகத்தை உப்பு அரிக்காம, தான் கரைஞ்சு காப்பாத்துற தியாகி. 1824லயே ஹம்ப்ரி டேவி கப்பலுக்குச் சொன்ன வைத்தியம் இது. பாதி கரைஞ்சா மாத்தணும். கரையவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க, உலோகத்தோட தொடர்பு விட்டுப் போயிருக்கலாம் :-)

வருமானமே இல்லாத ரெண்டு மாசத்துல செலவைத் தள்ளிப் போடத்தான் தோணும். நியாயம்தான். ஆனா ஒரு தடவை கடலுக்குப் போக அடிக்கிற டீசலோட ஒப்பிட்டா இந்த ரப்பர் விலை ஒண்ணுமே இல்ல. பெயின்ட் ஒரு வருஷம் தள்ளிப் போனா படகு அசிங்கமாத் தெரியும், அவ்வளவுதான்.

ஓடுற எஞ்சினைத் தொட வேண்டாம், சரி. நிக்கிற 61 நாள்ல தொடலாமே?

டிஸ்கி: நான் மெக்கானிக் இல்ல. எத்தனை மணி நேரம் ஓடினா எதை மாத்தணும்னு எஞ்சின் கையேட்டுல இருக்கும். அது வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னு சொன்னா, ரெண்டு தடவைதான்.