கல்லில் வெட்டுவதற்கு முன் ஒரு காலக்கோடு போடுங்கள்

நீளமான பதிவு இது. "டீச்சர் மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்க" என்று தள்ளிவிட்டுப் போகிறவர்கள் போகலாம், கோபமில்லை. எங்கள் பங்காளி வீட்டார் மட்டும் கடைசி வரை படிக்க வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை கல் தச்சர் உளியை எடுக்கிறார்.

விஷயம் தெரியாத மாணவர்களுக்குச் சொல்கிறேன். பள்ளிப்பட்டு போகிற வழியில் இருக்கும் எங்கள் குலதெய்வம் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். மண்டபத்துச் சுவரில் கருங்கல் பலகை பதித்து, அதில் எங்கள் வம்சத்தை வெட்டி வைப்பதாக முடிவு. பெங்களூரில் இருக்கிற என் சித்தப்பா மகன் கம்ப்யூட்டரில் வம்ச மரம் போட்டுக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினான். எல்லாரும் கைகூப்பும் படம் போட்டார்கள். நானும் போட்டேன். அப்புறம்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

கொள்ளுத்தாத்தா. தோற்றம் 1876. மறைவு 2004.

கூட்டிக் கழித்துப் பாருங்கள். 128 வயது. ஐந்தாம் வகுப்பில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் இதைப் பார்த்தால் சிரிப்பார்கள். அந்த மரத்தில் அவருக்கு 1960-ல் ஒரு கல்யாணமும் நடக்கிறது, 84 வயதில்! தம்பியிடம் கேட்டேன். "டைப்பிங் மிஸ்டேக் அக்கா, மாத்திடறேன்" என்றான். தம்பி, அது டைப்பிங் மிஸ்டேக் இல்லை. 2004-ல் இறந்தது என் அப்பா. 1960-ல் கல்யாணம் பண்ணிக்கொண்டதும் என் அப்பா. உன் மரத்தில் உன் பெரியப்பாவைக் காணோம்.

எப்படிக் காணாமல் போனார்? நம் வழக்கத்தில் தாத்தா பெயரை மூத்த பேரனுக்கு வைப்போம். பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதான். என் அப்பா பிறந்தது கொள்ளுத்தாத்தாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்த வருஷம். அதாவது 1936, தாது வருஷம். கொள்ளுத்தாத்தா பிறந்ததும் தாது வருஷம்தான், அந்தப் பெரிய பஞ்சத்து தாது, 1876. தமிழ் வருஷப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஆக ஒரே பெயர், ஒரே வருஷப் பெயர், ஒரே ஊர். அப்பாவின் ஜாதகத்தில் தாது என்று பார்த்ததும் 1876 என்று எழுதிவிட்டார்கள். கம்ப்யூட்டர், இரண்டு பேரும் ஒருவர்தானா என்று கேட்டிருக்கும். ஆமாம் என்று அழுத்திவிட்டார்கள். போதாதற்கு, எங்கள் வீட்டுப் பெண்கள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். மாமனார் பெயரே பிள்ளைக்கும் இருந்ததால் அப்பாவைக் கடைசி வரை "பெரியவன்" என்றே கூப்பிட்டார்கள். பெயரைச் சொல்லியிருந்தாலாவது யாராவது சுதாரித்திருப்பார்கள்.

என் சண்டை தம்பியோடு இல்லை. அவன் உழைத்திருக்கிறான். என் சண்டை இந்த மரம் போடுகிற மோகத்தோடு. மரம் என்றால் பெயர், கோடு, பெயர், கோடு. எந்தப் பெயரை எதன் கீழே வைத்தாலும் அழகாக உட்கார்ந்துகொள்ளும், எதிர்த்துக் கேள்வி கேட்காது. காலக்கோடு அப்படி விடாது. சமூக அறிவியலில் கரும்பலகையில் போடுவேனே, அசோகர் எங்கே, அக்பர் எங்கே என்று, அதே கோடுதான். ஒரு மனிதருக்கு ஒரு தாள். முதல் பத்தியில் வருஷம், அடுத்ததில் அப்போது அவருக்கு என்ன வயது, அடுத்ததில் என்ன நடந்தது, கடைசியில் அது எங்கிருந்து தெரிந்தது. பத்திரமா, பள்ளி டிசியா, யாராவது சொன்னதா? இந்தக் கடைசிப் பத்தியை எழுதத்தான் எல்லாருக்கும் சோம்பல்.

கொள்ளுத்தாத்தாவுக்கு நான் அப்படி ஒரு தாள் போட்டேன். இனி சொல்லப்போவதற்காகத்தான் இந்தப் பதிவே.

எங்கள் மரத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். "கொள்ளுத்தாத்தாவின் அக்கா. நகரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர்." அவ்வளவுதான். இது யார் சொன்னது என்று விசாரித்தேன். எங்கள் வீட்டில் இருக்கிற வயதில் மூத்த அத்தை சொன்னாராம், "தாத்தாவோட அக்கா" என்று. யாருடைய தாத்தா? அத்தை பேசும்போது கேட்கிறவனின் தாத்தாவைச் சொல்லியிருக்கிறார். தம்பி அதை அத்தையின் தாத்தா என்று எடுத்துக்கொண்டான். ஒரு தலைமுறை மேலே ஏறிவிட்டது. நம் உறவுச் சொற்கள் எல்லாமே இப்படித்தான், சொல்கிறவர் யார் என்று தெரியாமல் எழுதினால் வம்பு. அத்தை என்றால் அப்பாவின் தங்கையா, மாமனின் மனைவியா, மாமியாரா? அக்கா மகளையே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் மாமா யார், மாப்பிள்ளை யார் என்று சாமிக்குத்தான் வெளிச்சம்.

வருஷத்தைப் போட்டுப் பார்த்தேன். அந்த அம்மாளின் கடைசி மகன் ரயில்வேயில் இருந்து 1981-ல் ஓய்வு பெற்றவர். அப்போது ஓய்வு வயது 58. ஆக அவர் பிறந்தது 1923. கொள்ளுத்தாத்தாவுக்கு அக்கா என்றால் 1876-க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். ஐம்பதை நெருங்கும் வயதில் பிள்ளைப்பேறா? சரி, அப்படியானால் அவர் கொள்ளுத்தாத்தாவின் மகளா? அவருடைய மூத்த மகனும் என் தாத்தாவும் ஒன்றாகத் திண்ணைப் பள்ளிக்கூடம் போனவர்கள், மூன்று வயதுதான் வித்தியாசம். தாத்தா பிறந்தது 1910. அப்போது கொள்ளுப்பாட்டிக்கு 19 வயது, அதுவே அவருக்குத் தலைப்பிரசவம். 1913-ல் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குக் கொள்ளுப்பாட்டி தாயாக இருக்க முடியாது.

அக்காவும் இல்லை, கொள்ளுப்பாட்டியின் மகளும் இல்லை. பின்னே யார்?

தாளை மறுபடி பார்த்தேன். கொள்ளுத்தாத்தாவுக்கு முதல் பிள்ளை பிறக்கும்போது வயது 34. அந்தக் காலத்தில் இருபதுக்குள்ளேயே கால்கட்டுப் போட்டுவிடுவார்கள். இவருக்கு மட்டும் பதினான்கு வருஷம் தாளில் ஒன்றுமே இல்லை. மரத்தில் இந்த வெற்றிடம் தெரியவே தெரியாது. காலக்கோட்டில் அது பல் விழுந்த வாய் மாதிரி தெரியும்.

பஸ் ஏறி நகரிக்குப் போனேன். அந்த அம்மாளின் பேரப்பிள்ளைகள் வீடு. தெலுங்குதான் பேசுகிறார்கள், எனக்கு விட்ட குறை தொட்ட குறையாகத் தெலுங்கு வரும். வந்த விஷயத்தைச் சொன்னதும் அந்த வீட்டு மூத்தவர் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கினார். 1924-ம் வருஷத்துத் தான பத்திரம். சித்தூர் ஜில்லா என்று தொடங்குகிறது. கொள்ளுத்தாத்தா அரை ஏக்கர் புன்செய் நிலத்தை எழுதிக் கொடுத்திருக்கிறார். யாருக்கு? "என் மூத்த தாரத்தின் குமாரத்தி"க்கு, வயது சுமார் 26.

மூத்த தாரம்! நூறு வருஷமாக எங்கள் வீட்டில் யார் வாயிலும் வராத ஒரு மனுஷி. அந்த மகள் பிறந்தது 1898 வாக்கில். பத்திரத்தில் வயது சுமார்தான், கொஞ்சம் முன்னே பின்னே வைத்துக்கொண்டாலும் கணக்கு உடையாது.

அந்த வீட்டு ஆட்கள் என்னைப் பார்த்துக் கேட்டது ஒன்றே ஒன்று. "பொங்கல் வைக்க எங்களையும் கூப்பிடுவீங்களா?" வருஷா வருஷம் கோயில் வரிக்கு எங்கள் ஆட்கள் சுற்றிலும் ஓலை அனுப்புகிறார்கள். இந்த வீட்டைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இதைக் குழுவில் எழுதியதும் வந்த பதில்களைச் சொல்ல வேண்டும். "பழசைக் கிளறாதீங்க, நாளைக்குப் பங்கு கேட்டு வருவாங்க" என்றார் ஒரு மாமா. மாமா, எந்த நிலத்தில் பங்கு? ஊரில் இருந்ததை எல்லாம் பிளாட் போட்டு விற்றாயிற்று. அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொள்ளுத்தாத்தா 1924-லேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். உங்களுக்கு இருந்த பயம் அவருக்கு இல்லை. "பெரியவங்க சொன்னதை விட பத்திரம் பெரிசா?" என்றது இன்னொரு குரல். பெரியவர்கள் பொய் சொல்லவில்லை, கேட்டவன் தப்பாகக் கேட்டான். அதைக் கண்டுபிடிக்கத்தான் வருஷம் வேண்டும் என்கிறேன். மூன்றாவது பதில்தான் சுருக்கென்று தைத்தது. "அக்கா, நீங்க வேற வீட்டுக்குப் போனவங்க, இதுல ஏன் தலையிடறீங்க?" சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005-ல். கருங்கல்லுக்கு அந்தச் சட்டம் இன்னும் வந்து சேரவில்லை. மரத்தில் என் தம்பிகள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். நான் இல்லை. அப்பாவே இல்லாதபோது நான் எங்கே!

ஊர் விஷயத்திலும் அந்த மரம் தப்பு. கொள்ளுத்தாத்தா பிறந்த இடம் "திருவள்ளூர் மாவட்டம்" என்று போட்டிருக்கிறது. திருவள்ளூர் மாவட்டம் பிறந்ததே 1997-ல்! நம் திருத்தணிக்கே ஒரு காலக்கோடு வேண்டும். கார்வேட்நகர் ஜமீனில் இருந்த ஊர் இது, வட ஆர்க்காடு ஜில்லா. 1911-ல் சித்தூர் ஜில்லா உண்டானதும் அதில் சேர்த்தார்கள். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது சித்தூரோடு நாமும் அங்கே போய்விட்டோம். ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் போராடி, படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லையைத் திருத்தி, 1960 ஏப்ரல் 1-ல் சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தோம். என் கொள்ளுப்பாட்டி கல்யாணமாகி வந்த வீட்டை விட்டு நகரவே இல்லை. வட ஆர்க்காட்டில் பிறந்து, சித்தூரில் பிள்ளை பெற்று, ஆந்திராவில் கிழவியாகி, 1963-ல் செங்கல்பட்டு மாவட்டத்தில் கண்ணை மூடினார். எந்த வருஷம் என்று தெரியாமல் பழைய காகிதம் தேடினால் எந்த ஊர் ஆபீஸ் வாசலில் நிற்பீர்கள்? எந்த மொழியில் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள்?

கடல் கடந்து போனவர்கள் இதை நம்மைவிட நன்றாகச் செய்கிறார்கள். 1860 நவம்பரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்கு முதல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய் இறக்கியது. 1911 வரை ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் போனார்கள், நம் வட ஆர்க்காட்டுக்காரர்கள் அதில் ஏராளம். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். கூலிக் கணக்குக்காக எழுதியதுதான். இன்று அவர்களுடைய கொள்ளுப்பேரன்கள் அந்த ஒற்றை வரியிலிருந்து ஆரம்பித்து வருஷம் வருஷமாகப் பின்னால் வருகிறார்கள். நாம் அதே ஊரில் உட்கார்ந்துகொண்டு பாட்டியின் பெயரைத் தொலைத்திருக்கிறோம்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். தேதி என்று எழுதியிருப்பதை எல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள், ஏனென்றால் அதில் சிலவற்றை எழுதியதே நான். 1984-ல் நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பல வீடுகளில் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பிள்ளையின் வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டால் ஐந்து வயது. தேதி? மே, ஜூனில் ஏதாவது ஒன்றை எழுதிக்கொள்வோம். உங்களில் பலர் இன்று ஃபேஸ்புக்கில் வாழ்த்து வாங்கும் பிறந்த நாள் நான் அன்று கை போன போக்கில் எழுதியதுதான். உங்கள் பேரப்பிள்ளைகள் தாள் போடும்போது கடைசிப் பத்தியில் "பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு" என்று தவறாமல் எழுதட்டும். நம் ஊர்க்காரர் டாக்டர் ராதாகிருஷ்ணனுக்கே இரண்டு தேதி உண்டு. நாம் ஆசிரியர் தினம் கொண்டாடுவது 1888 செப்டம்பர் 5. அவருடைய மகன், வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது, தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றே அப்பா கருதினார் என்பதையும் மறைக்காமல் எழுதினார். அதனால் யாருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை.

இப்போது கல்லுக்கு வருகிறேன். கும்பாபிஷேகத்தைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. மூன்று திருத்தம் கேட்கிறேன். கொள்ளுத்தாத்தாவின் மறைவு 1941. அவருக்குக் கீழே, இரண்டு தலைமுறை தள்ளி, அதே பெயரில் என் அப்பா, 1936–2004. மூன்றாவது, கொள்ளுப்பாட்டிக்குப் பக்கத்தில் மூத்த தாரமும், அவருக்குக் கீழே நகரிக்குப் போன மகளும்.

மூத்த தாரத்தின் பெயர் பத்திரத்தில் இல்லை. ஆனால் நகரி வீட்டுப் பெரியவரின் அக்காவுக்குப் பாட்டியம்மாளின் தாயார் பெயரைத்தான் வைத்தார்களாம். சின்ன வயதில் அந்தப் பாட்டியம்மாளே, "எங்கம்மா பேரு" என்று சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டதைப் பெரியவர் காதால் கேட்டிருக்கிறார். அந்தப் பெயரை நான் இங்கே போடவில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதித் தம்பிக்கு அனுப்பியிருக்கிறேன், கூடவே பத்திரத்தின் போட்டோவும்.

தச்சர் எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கிறார் என்று தெரியும். அந்த இரண்டு வரிக்கும் கூலி நான் தருகிறேன், என் பென்ஷனிலிருந்து. தம்பி, வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் போன் பண்ணு. நகரி வீட்டுக்குப் பத்திரிகை வைக்க நானே போகிறேன். யார் கூட வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.