சீமான் வீட்டுக் காரும் முலாம் தொழிலாளியின் மூக்கும்

சென்னையிலும் கோவையிலும் மும்பையிலும் பழைய கார்களின் அணிவகுப்பு நடத்துகிறார்கள். 1950-களின் செவர்லே, பியூக், மோரிஸ் எல்லாம் கண்ணாடிபோல் மின்னிக்கொண்டு ஊர்வலம் வருகின்றன. பத்திரிகைகளில் படம் வருகிறது. காரின் பெயர் வருகிறது, சொந்தக்காரரின் பெயர் வருகிறது, அவருடைய பாட்டனார் அதை எந்தத் துரையிடம் வாங்கினார் என்ற வம்ச வரலாறும் வருகிறது. பம்பரை மின்னவைத்தவனின் பெயர் மட்டும் வருவதில்லை.

பழைய கார்மீது நமக்கு எந்த விரோதமும் இல்லை. செத்துக் கிடந்த இயந்திரத்தை ஓடவைக்கிற மெக்கானிக்கின் கைக்கு நாம் மரியாதை செய்கிறோம். நாம் கேட்பது வேறு.

அறுபது எழுபது வருஷம் கிடந்த பம்பர் தானாக மின்னாது. துருவேறி, முலாம் கொப்புளித்து உரிந்திருக்கும். அதைக் கழற்றி முலாம் பட்டறைக்கு அனுப்புகிறார்கள். அங்கே முதலில் பழைய முலாமை உரித்தெடுக்கிறார்கள். நெளிவு எடுத்து, சுழலும் சக்கரத்தில் பிடித்துத் தேய்க்கிறார்கள். பிறகு தாமிரத் தொட்டி, மறுபடி தேய்ப்பு, நிக்கல் தொட்டி. கடைசியில்தான் குரோமியம். அதுவும் எவ்வளவு? ஒரு தலைமயிரின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத பூச்சு! சில நிமிஷ வேலை.

அந்தச் சில நிமிஷத்தில்தான் ஆபத்து இருக்கிறது. குரோமியத் தொட்டியில் லிட்டருக்குச் சுமார் 250 கிராம் குரோமிக் அமிலம் கரைந்திருக்கும். பாய்ச்சுகிற மின்சாரத்தில் சிறு பங்குதான் உலோகத்தைப் படியவைக்கிறது. மிச்சமெல்லாம் தண்ணீரைப் பிளந்து வாயுக் குமிழியாக்குகிறது. குமிழிகள் மேலே வந்து வெடிக்கும்போது அமிலத்தைத் தூவானமாக வீசுகின்றன. தொட்டி விளிம்பில் குனிந்து நிற்பவன் அதை மூச்சோடு இழுக்கிறான்.

மூக்கில் பொருக்குக் கட்டும், ரத்தம் வரும். பிறகு இரண்டு நாசிக்கும் நடுவிலுள்ள சுவரை அரித்து ஓட்டை போடும். பல பேருக்கு வலியே இருக்காது. அதனால் ஓட்டை விழுந்ததே தெரியாமல் மறுநாளும் வேலைக்குப் போகிறான். கையில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், அமிலம் அதில் குழி பறித்து ஆறாப் புண்ணாக்கும். வருஷக்கணக்கில் மூச்சில் போனால் நுரையீரலில் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, இந்த வகைக் குரோமியம் மனிதருக்குப் புற்று உண்டாக்கும் என்று 1990-லேயே அறிவித்துவிட்டது. பஞ்சுத் தூசியில் நெஞ்சடைத்த மில் தொழிலாளிக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஏதோ புதிய கண்டுபிடிப்பா இது? இல்லை. பிரிட்டனில் 1931-லேயே குரோமிய முலாம் தொழிலுக்கென்று தனி விதிகள் போட்டார்கள். தொட்டியிலிருந்து எழும் தூவானத்தை இழுத்து வெளியேற்ற வேண்டும், தொழிலாளியின் கையையும் மூக்கையும் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்றார்கள். இன்று அணிவகுப்பில் வருகிற கார்களில் அநேகம் அந்த விதிகளுக்குப் பின்னால் பிறந்தவை!

அமெரிக்காவில் கதை நீளம். அங்கே ரசாயனத் தொழிலாளர் சங்கம் 1993-ல் மனுக் கொடுத்தது. சர்க்கார் அசையவில்லை. சங்கமும் ஒரு மக்கள் அமைப்பும் நீதிமன்றத்துக்கு இழுத்தன. 2006-ல்தான் காற்றின் ஒரு கன மீட்டருக்கு 52 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பு 5 ஆகக் குறைந்தது. நம் தொழிற்சாலைச் சட்டத்தில் 1987-ல் சேர்த்த அட்டவணை அனுமதித்த அளவு என்ன? 50 மைக்ரோகிராம். அமெரிக்கத் தொழிலாளியின் மூக்கைவிட நம்மவன் மூக்கு பத்து மடங்கு கெட்டியா?

அந்தச் சட்டமாவது பட்டறைக்குள் வந்ததா? குரோமியப் புண்ணை சர்க்காருக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று எழுதிவைத்தார்கள். ஆனால் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தால்தான் பொதுவாக அது தொழிற்சாலை. முலாம் பட்டறைகளில் பல சந்துக்குள் ஐந்தாறு பேரோடு நடப்பவை என்பது யாருக்குத் தெரியாது? போதாதென்று, 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு அந்த 10-ஐ 20 ஆக்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் வாசலைத் தாண்டிப் போக வழி இன்னும் அகலமாயிற்று.

கார்களுக்கு மட்டும் சர்க்காரின் கவனிப்புக் குறையவில்லை. 50 வருஷம் கடந்த வண்டிகளுக்கென்று 2021-ல் தனிப் பதிவு முறை, எண் பலகையில் தனி எழுத்து! முலாம் பட்டறையில் பத்து வருஷம் நின்றவனுக்கு எந்தப் பதிவேட்டில் இடம்?

விஷம் குறைந்த வழியும் இருக்கிறது. மூன்று இணைதிறன் குரோமியம் என்ற வேறொரு கரைசலால் இதே முலாமைப் பூசலாம். அலங்கார முலாமுக்குப் பழைய முறையைப் படிப்படியாக நிறுத்துவதென்று கலிபோர்னியா 2023 மே மாதம் முடிவு செய்தது. கார் உதிரிபாக வியாபாரிகள் இதை எதிர்த்தார்கள். பழைய கார் ரசிகர்களின் குறை என்ன தெரியுமா? நிறம் சரியில்லையாம். பழைய முலாமில் லேசான நீலச் சாயல் இருக்கும், புதியதில் கொஞ்சம் கருமை தட்டுமாம். நீலம் குறைந்தால் சீமான் மனம் நோகிறது. தொழிலாளியின் மூக்கு ஓட்டையானால் யார் மனமும் நோவதில்லை.

“நிறுத்தினால் உங்கள் ஆட்களுக்குத்தானே வேலை போகும்?” என்று சிலர் நம்மையே கேட்கிறார்கள். பட்டறையை மூடச் சொல்லவில்லை, ஐயா. தொட்டி விளிம்பில் தூவானத்தை இழுக்கும் குழாய் வையுங்கள். குமிழி வெடித்துச் சிதறாமல் அடக்கும் மருந்தைக் கரைசலில் சேருங்கள். கையுறையும் முகமூடியும் பட்டறைச் செலவில் கொடுங்கள். மருத்துவர் வந்து ஒவ்வொருவர் மூக்கையும் விளக்கடித்துப் பார்க்கட்டும், பார்த்ததை எழுதித் தொழிலாளியிடமே ஒரு பிரதி கொடுக்கட்டும். ஐந்து பேர் வேலை செய்தாலும் இது நடக்க வேண்டும். ஆகிற செலவைப் பட்டறைக்காரர் பம்பர் கூலியோடு சேர்த்து வாங்கட்டும். ஒரு ஹெட்லைட் வளையத்தைக் கடல் கடந்து வரவழைக்கிற சீமானுக்கு அது ஒரு பெரிய தொகையல்ல.