தில்லிக்கு மூச்சு, சிவகாசிக்குச் சாம்பலா?

2018-ஆம் ஆண்டு இந்திய உச்சநயன்மன்றம் பட்டாசுக்கு வரம்பு கட்டியது. பேரிய உப்பு கூடாது, சரவெடி கூடாது, தீபாவளியன்று இரவில் இரண்டே மணி நேரம் வெடிக்கலாம் என்றது. வழக்கின் ஊற்றுக்கண் தில்லி. அங்குள்ள குழந்தைகளின் நுரையீரல் கெடுகிறதென்று முறையிட்டனர். முறையீடு மெய்யே, எந்நாட்டுக் குழந்தையாயினும் அதன் மூச்சு காக்கப்படல் வேண்டும். ஆனால், அவ்வெடியைச் செய்தவளின் மூச்சுக்காக முறையிட்டவர் எத்தனை பேர்?

தமிழர்காள்! தில்லியார் சில இரவுகள் முகரும் புகையின் முதற்பொருளைச் சிவகாசிப் பெண் ஆண்டு முழுதும் விரலால் அளைகிறாள். அதற்கு அங்கே வழங்கும் பெயர் 'மருந்து'! நோய் தீர்ப்பதற்குரிய நற்றமிழ்ச் சொல்லை நோய் தருவதற்கு இட்டு வழங்கும் கொடுமை வேறெங்குண்டு?

வெடியென்பது அடைத்து வைத்த ஆற்றல். விறகு காற்றிலுள்ள உயிர்வளியைப் பெற்று மெல்ல எரியும். வெடிமருந்தோ தனக்கு வேண்டும் உயிர்வளியை வெடியுப்பிலும் பேரிய உப்பிலும் தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆகவே நொடியில் எரிந்து முடிகிறது. நீரிற் கரையும் பேரிய உப்பு உடலுட் புகின் தசை தளரும். நெஞ்சத் துடிப்புத் தடுமாறும். ஈரம்பட்ட அலுமினியப் பொடி தானே சூடேறி நீர்வளியைக் கக்கும். மாலையில் எஞ்சிய கலவையை அறையில் விட்டுச் சென்றால், மறுநாட் காலையில் கதவு திறப்பவனுக்கு அதுவே கூற்று. எண்ணிக்கைக்குக் கூலி என்பதால் கை விரைகிறது; விரையும் கை உராய்கிறது; உராய்விற் பிறக்கிறது தீ.

2012-இல் முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் மாண்டனர். உதவிக்கு ஓடிய ஊராரும் அவருள் அடங்குவர். 2021-இல் அச்சங்குளம், 2025-இல் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் இழப்பீடு அறிவிக்கப்படும், உரிமம் நிறுத்தப்படும், பின்னர் மறக்கப்படும். ஆலை உரிமையாளர் பலர் தமிழரே. இனம் ஒன்றென்பதால் குற்றம் குறைந்துவிடாது.

1906-இல் பெர்ன் நகரிற் கூடிய ஐரோப்பிய நாடுகள் சில, வெண்பாசுவரத் தீக்குச்சியைத் தடுத்தன. வாங்குவோர் பொருட்டன்று, செய்வோரின் தாடையெலும்பு அழுகியமையால்! 1913-இல் அத்தடை இந்தியாவிலும் சட்டமாயிற்று. ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து, அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று மீண்டபோது, சிவகாசியின் தாடைகள் அந்நஞ்சினின்று தப்பின. அன்று சட்டம் உழைப்பாளியிடம் தொடங்கியது. இன்று வாங்குவோனிடம் தொடங்குகிறது.

நாகபுரி ஆய்வகத்தார் வகுத்த 'பசுமைப் பட்டாசு' புகைத்துகளை 30 விழுக்காடு குறைக்குமாம். எஞ்சிய எழுபதும் பசுமைதானோ? அதே 2018-இல் தில்லியின் பதர்ப்பூர் அனல்மின் நிலையமும் மூடப்பட்டது. நெய்வேலியிலோ பழுப்பு நிலக்கரி இன்றும் எரிகிறது. மின்னாற்றல் அண்டை மாநிலங்களுக்கும் பாய்கிறது, சாம்பல் மட்டும் இங்கேயே தங்குகிறது.

தொழிலை மூடுக என்பதன்று வழக்கு. வானம் பொய்த்த கரிசற்காட்டில் வேறு பிழைப்பு எது? மருந்தளையும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் நெஞ்சும் குருதியும் ஆலையார் செலவில் ஆய்ந்து பார்க்கப்படல் வேண்டும். எண்ணிக்கைக் கூலி ஒழிந்து நாட்கூலி வருதல் வேண்டும். மழையீரத்தால் அறை பூட்டப்பட்ட நாளுக்கும் அக்கூலி குறையாமல் தரப்படல் வேண்டும்.